வண்டிக் கூரையில் சூரியன்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தவர்கள் திரும்பி வந்ததும் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒன்று திராட்சை, மற்றொன்று தண்ணீர். பந்தலுக்குப் பந்தல் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பன்னீர்த் திராட்சையையும், மலையைக் குடைந்துகொண்டு வரும் பெரியாற்றுத் தண்ணீரையும் வர்ணிக்காதவர் கிடையாது. ஆனால் அந்த ஊர் வெயிலைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. வெயில்தான் எல்லா ஊரிலும் இருக்கிறதே, அதைப் பார்க்கக் காசு கொடுத்து பஸ் ஏறிப் போவானேன் என்று நினைக்கிறார்கள் போலும்!

நான் சொல்ல வந்தது அந்த வெயிலின் கதையைத்தான்.

மேற்கேயும் தெற்கேயும் பெரிய மலை; கிழக்கே மேகமலை; தேனிப் பக்கம் மட்டும் ஒரு வாசல். இதுதான் பள்ளத்தாக்கின் அமைப்பு. தென்மேற்குப் பருவக் காற்று கொண்டுவரும் மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே தன் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடும். இந்தப் பக்கத்துக்கு வருவது காற்றும் ஏதோ சில தூறலுந்தான். அந்த அநியாயத்தைச் சரிக்கட்டத்தான் பென்னி குயிக் துரை பெரியாற்றின் குறுக்கே அணை கட்டினார். 1887-ல் ஆரம்பித்த வேலை 1895-ல் முடிந்தது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த ஆறு, மலைக்குள் வெட்டிய சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே இறங்கியது. இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் பென்னி குயிக் என்று பெயர் வைக்கிறார்கள் என்றால், அந்தத் தண்ணீரின் அருமையை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

அணை கட்டி அறுபது வருஷங்களுக்கு மேல் ஆன பிறகு, மலையிலிருந்து விழும் அதே தண்ணீரைக் கொண்டு லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். முதல் யந்திரம் 1958-ல் சுழன்றது. 400 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு டன் தண்ணீர் விழுந்தால், அந்த விழுச்சியில் உள்ள சக்தி ஏறக்குறைய ஒரு யூனிட் என்று கணக்கு. சரி, அந்தத் தண்ணீரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது யார்? கடல் நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, மலை உச்சியில் கொட்டியது சூரியன்தானே! பிற்காலத்தில் ஆண்டிபட்டி, தேனிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் முளைத்தன. கம்பம் கணவாய் வழியே பாய்ந்து வரும் அந்தக் காற்றைக் கிளப்பிவிடுவதும் சூரியனின் சூடுதான். ஆக, வெயில் என்று யாரும் பெயர் சொல்லாவிட்டாலும், இந்தப் பள்ளத்தாக்கு வெகு காலமாக வெயிலை வைத்துத்தான் விளக்கேற்றி வருகிறது. தண்ணீர் வேஷமும் காற்று வேஷமும் போட்டுக்கொண்டு வந்த சூரியன், வேஷத்தைக் கலைத்துவிட்டு நேராகவே வேலைக்கு வந்ததுதான் இந்தக் கதையின் மூன்றாவது அங்கம்.

அதை நான் கண்ணால் பார்த்தது கம்பத்துக்கும் கூடலூருக்கும் இடையே, சாலையோரத்துப் புளியமரம் ஒன்றின் அருகில். நல்ல சித்திரை மாதத்து மத்தியானம். நான்கைந்து கார்களும் ஒரு லாரியும் மரத்து நிழலுக்குள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. ஒரு வேன் மட்டும், தவம் செய்கிற மாதிரி, பத்தடி தள்ளி உச்சி வெயிலில் நின்றது. அதற்குள்ளிருந்து ஓர் அம்மாள் திராட்சை ரசமும் மோரும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் டம்ளர்களை நிழலுக்கும் வெயிலுக்குமாகச் சுமந்துகொண்டிருந்தான். மோர் ஜில்லென்று இருந்தது.

"ஏன் தம்பி, வண்டியையும் நிழலில் விட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"நிழல்ல விட்டா உள்ள பெட்டி ஓடாதுங்கய்யா. மேல சோலாரு ஒட்டியிருக்கேன்" என்றான்.

கூரையில் கறுப்பாக ஒரு தகடு, சுவரொட்டி ஒட்டுவது போல ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடி கிடையாது, சட்டம் கிடையாது, கூரையின் வளைவோடு தானும் வளைந்து படுத்திருந்தது. முன்பெல்லாம் குளிர்பெட்டி ஓடவேண்டுமானால் வண்டி நின்றபடியே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். "சும்மா நிக்கிறதுக்கு மணிக்கு முக்கா லிட்டரு டீசல் குடிக்குமுங்கய்யா. யாவாரத்துல பாதி அதுக்கே போயிரும்" என்றான். ஆகவே வீட்டுக்காரியின் தோட்டை வங்கியில் வைத்துத் தகடு வாங்கி ஒட்டினான்.

"தோடு மட்டுமா? வளையலை விட்டுட்டுச் சொல்றீங்களே!" என்று வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான துக்கம் வெளிப்பட்டது. ஒட்டிய இரண்டாவது கோடையிலேயே தகடு நடுவில் கொப்புளம் போல உப்பிவிட்டது. மின்சாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. விற்ற கடையில் போய்க் கேட்டதற்கு, "இன்னும் இரண்டு வாங்கிப் போடு, வண்டியே வெயிலில் ஓடும், அப்புறம் டீசலே வேண்டாம்" என்றார்களாம். மீட்காத நகை வங்கியில் இருக்க, வீட்டில் மிச்சமிருந்தது ஒரு சங்கிலி.

"நெசமாவே ஓடுமாங்கய்யா?" என்று அவன் கேட்டான். வேனுக்குள் டம்ளர் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

அந்தக் கேள்வி ஒரு சங்கிலியின் கேள்வி. ஆகையால் அதற்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், இந்தத் தகடு எங்கே பிறந்து, எப்படி வண்டிக் கூரை ஏறியது என்பதை நேயர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை முதலில் கண்டவர் பிரான்ஸ் தேசத்து எட்மண்ட் பெக்கரல். அது 1839-ம் வருஷம். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. கண்டுபிடித்ததென்னவோ உண்மை, ஆனால் நூறு வருஷங்களுக்கு மேல் அது உலகத்துக்கு உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. 1954 ஏப்ரல் 25-ந் தேதி அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் சேப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கனால் ஆன தகடு ஒன்றைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக மாற்றியது. அதைக் கொண்டு ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவிட்டார்கள். நல்ல விளையாட்டுத்தான், ஆனால் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 300 டாலர் விலை என்றால் யார் வாங்குவார்கள்?

மறு வருஷமே அதை வண்டி மேல் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். 1955 ஆகஸ்டு 31-ந் தேதி சிகாகோ நகரக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைச் சேர்ந்த வில்லியம் காப் என்பவர் ஒரு கார் ஓட்டிக் காட்டினார். செலினியத் தகடுகள் பன்னிரண்டு அதன் முதுகில் இருந்தன. காரின் நீளம் எவ்வளவு என்கிறீர்கள்? பதினைந்து அங்குலம்! எலி ஏறி உட்கார்ந்தால் ஓடியிருக்குமா என்பதுகூடச் சந்தேகம். ஆனால் வெயிலால் உருண்ட வண்டிகளின் வம்சாவளிக்கு அதுதான் மூலபுருஷன். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அதே 1955-ல் அக்டோபர் 2-ந் தேதி, நம் சென்னைப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். இந்த இரண்டு காரியங்களுக்கும் அன்றைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் ஏற்படுவதற்கு அறுபத்திரண்டு வருஷங்கள் பிடித்தன.

லோயர் கேம்ப்பில் யந்திரம் சுழன்ற அதே 1958-ல் மார்ச் 17-ந் தேதி, வான்கார்ட் என்ற குட்டிக் கோளை அமெரிக்கர்கள் வானத்துக்கு அனுப்பினார்கள். சூரியத் தகடு தாங்கி விண்வெளிக்குப் போன முதல் பிரயாணி அதுதான். அதில் இருந்த சாதாரண பாட்டரி சில வாரங்களில் செத்துப் போயிற்று. தகடுகளோ 1964 வரையில் ரேடியோவைப் பேச வைத்தன. அதற்குப் பிறகுதான் விலையைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை எல்லோருக்கும் வந்தது.

ஓடுகிற வண்டிக்கு வேறொரு சக்தியைத் தேடி அலைவது நமக்கும் புதிதல்ல. இரண்டாவது யுத்தத்தின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும், தமிழ்நாட்டு பஸ்களின் முதுகில் பெரிய இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ்ஸை ஓட்டினார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போடிநாயக்கனூருக்கோ அந்தக் கரி பஸ்ஸை விட்டால் கதி இல்லாத நிலைமை. 1928-ல் வந்த மதுரை–போடி ரயிலின் தண்டவாளங்களையே யுத்தத்துக்காகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! ரயில் மறுபடி வந்தது 1950-களில்தான்.

வெயிலில் மனிதனைச் சுமந்து நெடுந்தூரம் போன கார் 1982-ம் வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் புறப்பட்டது. ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், லாரி பெர்க்கின்ஸ் என்ற இருவர் அதை பெர்த் நகரிலிருந்து சிட்னி வரை, சுமார் 4,000 கிலோமீட்டர், இருபது நாளில் ஓட்டிச் சேர்த்தார்கள். நம் பக்கத்திலும் அப்படி ஒரு மனிதர் உண்டு. கர்நாடகத்துக் கோலாரைச் சேர்ந்த சையத் சஜ்ஜன் அகமது, அறுபது வயதைக் கடந்த பிறகு, தாமே செய்த ஒரு சின்ன மின்சாரக் காரின் மேல் நூறு வாட் பேனல்கள் ஐந்தைப் பொருத்திக்கொண்டு, 2015-ல் பெங்களூரிலிருந்து டில்லி வரையில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, அங்கே நடந்த விஞ்ஞான விழாவில் போய் இறங்கினார்.

அதே 2015 மார்ச் மாதத்தில் சோலார் இம்பல்ஸ் என்ற விமானம் ஆமதாபாத்திலும் காசியிலும் இறங்கிச் சென்றது. அதன் இறக்கைகளின் நீளம் 72 மீட்டர். அவற்றின் மேல் 17,248 சூரியச் சில்லுகள். ஒவ்வொன்றின் கனமும் ஏறக்குறைய மயிரிழையளவு. இவ்வளவும் சேர்ந்து சுமந்தது எத்தனை பேரை? ஒரே ஒரு விமானியை! வெயிலுக்கு எவ்வளவு சக்தி உண்டு, எவ்வளவு இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2017 ஜனவரியில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற படகு ஓடத் தொடங்கியது. 1924-ல் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்து, ஈ.வெ.ரா. சிறை சென்ற அதே வைக்கந்தான். தட்டையான பெரிய கூரை, மெதுவான போக்கு, மேடு பள்ளம் இல்லாத தண்ணீர் என்று எல்லாம் பொருந்தி வந்ததால், 20 கிலோவாட் பேனல்கள் எழுபத்தைந்து பேரை அக்கரை சேர்த்தன.

அந்த வருஷமே ஜூலை 14-ந் தேதி டில்லி சப்தர்ஜங் நிலையத்தில் ஒரு ரயிலைத் தொடங்கிவைத்தார்கள். பெட்டிகள் நம் பெரம்பூரில் செய்தவை. ஒவ்வொரு பெட்டியின் கூரையிலும் 300 வாட் பேனல்கள் பதினாறு. 'சூரிய ரயில்' என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. உண்மையில் அந்த ரயிலை இழுத்தது டீசல்தான். பேனல்கள் செய்ததெல்லாம் பெட்டிகளுக்குள் விளக்கெரித்ததும் விசிறி சுழற்றியதும். 'பூ, இவ்வளவுதானா!' என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த விளக்குக்கும் விசிறிக்கும் எரிந்துகொண்டிருந்த டீசல் ஒரு ரயிலுக்கு வருஷத்தில் 21,000 லிட்டர் மிச்சமாகும் என்று ரயில்வேக்காரர்கள் மதிப்பிட்டார்கள். 2020 நவம்பரில் சேத்தன் சோலங்கி என்ற பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒரு பஸ்ஸையே வீடாக்கிக்கொண்டு தேசயாத்திரை புறப்பட்டபோதும் இதே தத்துவந்தான். 3.2 கிலோவாட் பேனல்கள் அவருடைய விளக்குக்கும் அடுப்புக்கும் பொறுப்பு.

இப்போது புளியமரத்தடிக் கணக்குக்கு வருவோம். வேன் கூரையில் ஓரமும் வளைவும் போக 400 வாட் பேனல் வைக்கலாம். நம் பக்கத்து வெயிலில் அது ஒரு நாளில் இரண்டு யூனிட் தரவேண்டும். சூடு, தூசி என்று கழித்தால் நிற்பது ஒன்றரை யூனிட். கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் இரண்டு டன் வண்டி 500 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வு, காற்றுத் தடை எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தாலும், தூக்குவதற்கு மட்டும் இரண்டேமுக்கால் யூனிட் வேண்டும். அதாவது காலை முதல் மாலை வரை சேர்த்த வெயில், வண்டியைப் பாதி மலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கையை விரிக்கும். ஒரு லிட்டர் டீசலில் பத்து யூனிட் சூடு இருக்கிறது. அதில் மூன்று யூனிட்டாவது சக்கரத்துக்குப் போகும். ஆக, சக்கரத்தைச் சுற்றுவதற்கென்றால் அவனுடைய ஒரு நாள் வெயிலின் மதிப்பு அரை லிட்டர் டீசல்!

ஆனால் அதே ஒன்றரை யூனிட்டைக் குளிர்பெட்டிக்குக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சின்னப் பெட்டி ஒரு நாளுக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் கேட்பதில்லை. ஒரு விசிறிக்கும் இரண்டு விளக்குக்கும் கால் யூனிட் போதும். மிச்சம் மாலை நேரத்துக்காக பாட்டரியில் தங்கும். ஆறு மணி நேரம் சும்மா உறுமிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்துவிடலாம். மிச்சம் நாலரை லிட்டர்! அதே வெயில், சக்கரத்துக்குக் கொடுத்தால் அரை லிட்டர், பெட்டிக்குக் கொடுத்தால் நாலரை லிட்டர். டில்லி ரயில்காரர்கள் கண்ட ரகசியமும் இதுதான். நகர்த்துகிற வேலையைவிட, நிற்கிற நேரத்து வீண் செலவைத் தடுக்கிற வேலையில்தான் கூரை வெயிலுக்கு மரியாதை அதிகம்.

சரி, தகடு உப்பிப்போனது ஏன்? சிலிக்கன் சில்லு அப்பளம் மாதிரி. கனமாக இருந்தால் வளைத்தவுடன் நொறுங்கும். மெல்லியதாகச் சீவினால் ஓரளவு வளையும். அப்படிச் சீவியவற்றைக் கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்ததுதான் வளையும் பேனல். கனம் மிகக் குறைவு. கூரையில் துளை போட வேண்டாம். பசை போட்டு ஒட்டிவிடலாம். கெடுதலும் அந்த ஒட்டலிலேயே இருக்கிறது. சூரியத் தகட்டுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு அரைக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் குறைந்துகொண்டே போகும். இரும்புக் கூரையோடு ஒட்டிக்கிடக்கும் தகடு சித்திரை மத்தியானத்தில் 70 டிகிரியைத் தொட்டால் ஐந்தில் ஒரு பங்கு அப்போதே போயிற்று. அடியில் அகப்பட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து உறையைக் கிளப்புகின்றன. சில்லுகளில் மயிரிழை போல விரிசல் விடுகிறது. சில்லுகள் ஒரே ஏரில் வரிசையாகப் பூட்டிய மாடுகள் போன்றவை. ஒன்று படுத்துவிட்டால் மற்றவையும் தடுமாறும். கூரைக் கம்பியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தால்கூட அந்த வரிசை முழுதும் சுணங்குவது இதனால்தான்.

கண்ணாடிப் பேனலோ கனமானது. ஆனால் சட்டத்தில் பொருத்தி, கூரைக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் விட்டால், காற்று அடியில் புகுந்து சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். கூரைக்கும் நிழல் கிடைக்கும். வண்டிக்குள் வெக்கை குறையும். குளிர்பெட்டிக்கும் பாடு குறையும். 400 வாட்டுக்கு இருபத்தைந்து கிலோ கனம். மூட்டை ஏற்றிப் பழகிய இரும்புக் கூரைக்கு அது ஒரு பாரமா? நன்றாகப் பொருத்தினால் இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். வளையும் பேனலைக் குறை சொல்லிப் பயனில்லை; பாய்மரப் படகு, கூடாரம், மெல்லிய நார்க்கூரை போன்ற, பாரம் தாங்காத இடங்களுக்கு அது ஏற்றதுதான். அங்கேயும் அடியில் பள்ளம் பள்ளமாக உள்ள பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வைத்துக் காற்றுக்கு வழி விட வேண்டும்.

இவ்வளவையும் சுருக்கி அந்தத் தம்பதிகளிடம் சொன்னேன். "வண்டி ஓடாது, பெட்டி ஓடும். மறுபடி ஒட்டாதே, சட்டம் அடித்து உயர்த்தி வை. ஒன்று போதும்" என்றேன். அவன் முகம் சற்றே வாடியது. டீசலே போடாமல் குமுளி மலை ஏறுவதாக அவன் எத்தனை இரவுகள் கனவு கண்டிருந்தானோ!

அந்த அம்மாள்தான் முதலில் கணக்கைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நாலு லிட்டரு மிச்சம்னா, ஆடிக்குள்ள தோட்டைத் திருப்பிரலாங்க. சங்கிலி களுத்திலேயே கெடக்கட்டும்" என்றாள்.

போடிக்கு அகலப் பாதையில் ரயில் 2023 ஜூன் மாதத்தில்தான் திரும்பி வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் எந்த நல்ல காரியமும் காத்திருந்துதான் வரும் போலிருக்கிறது. பெரியாறு எத்தனையோ ஆயிரம் வருஷங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இலவசமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கம் வெட்டிய பிறகுதான் கம்பத்து வயலுக்கு அது தண்ணீர் ஆயிற்று. வெயிலும் இலவசந்தான், அதற்கும் ஒரு சுரங்கம் வேண்டும். அது இரண்டு விரற்கடை இடைவெளியாக இருந்தாலும் சரி.

1958-ல் போன அந்த வான்கார்ட் இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனிதன் அனுப்பியவற்றில் இன்னும் வானில் உள்ள மிகப் பழைய கோள் அதுதான். ஆனால் அதன் ரேடியோ ஊமையாகி அறுபது வருஷங்கள் ஆகிவிட்டன. அதே வருஷத்தில் பிறந்த லோயர் கேம்ப் மின்நிலையமோ, மலை மேல் சூரியன் ஏற்றி வைத்த தண்ணீர் வந்து விழும்போதெல்லாம் இன்னமும் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது.